சிறுமூளை பாடத்துக்கு ஒரு சொல் வேணும் (எல்.டி.டி) – வியாழனுக்குள்ள

செல்வி:

எல்லாருக்கும் வணக்கம். வியாழக்கிழமை தமிழ் வழி விலங்கியல் பிள்ளைங்களுக்கு சிறுமூளை பாடம், அதுக்கு முன்னாடி குறிப்பை அடிச்சு ஜெராக்ஸ் போடணும். நியூரான், ஆக்சான், சினாப்ஸ் எல்லாம் பள்ளிப் புத்தகத்துல இருக்கிற மாதிரியே விட்டுட்டேன், அதுல யாரும் சண்டைக்கு வராதீங்க ப்ளீஸ். மாட்டிக்கிட்டது லாங் டெர்ம் டிப்ரஷன்ல (எல்.டி.டி).

தெரியாதவங்களுக்காக விஷயத்தைச் சொல்லிடறேன். சிறுமூளைப் புறணியில பர்கின்ஜி செல்னு பெரிய செல் இருக்கு. அதுக்கு ரெண்டு வழியா சேதி வருது. இணைநார்கள் லட்சத்துக்கும் மேல வந்து தொடுது, ஒவ்வொண்ணும் கொஞ்சூண்டு தான் தட்டும். ஏறுநார் ஒரு செல்லுக்கு ஒண்ணே ஒண்ணு, ஆனா அடிச்சா செல்லே அதிரும். ரெண்டும் ஒரே சமயத்துல திரும்பத் திரும்ப வந்தா, அப்ப வேலை பாத்துட்டிருந்த இணைநார் சினாப்ஸோட (ரெண்டு நரம்பு செல் சந்திச்சு சேதி கைமாறுற இடம்) பலம் குறைஞ்சு போயிடும், குறைஞ்சது மணிக்கணக்கா அப்படியே நிக்கும். ஜப்பான்காரர் மசாவோ இட்டோவும் கூட இருந்தவங்களும் 1982ல முயல்ல காட்டினது. இதுக்கு ஒரு பேர் வேணும். போன பரீட்சையில ஒரு பையன் "சிறுமூளையின் நீண்ட கால மனச்சோர்வு"ன்னு எழுதி ரெண்டு பக்கம் மருந்து வரைக்கும் போயிட்டான், மார்க் போடுறதா வேண்டாமான்னு எனக்கே தெரியல.

கதிர்:

அக்கா, எல்.டி.டின்னு போட்டு முடிங்க. உலகம் பூரா அப்படித்தான் சொல்றாங்க, நாளைக்கு அந்தப் பையன் ஆங்கிலப் புத்தகத்தைத் திறந்தா தேடறதுக்கும் சுலபம். இல்ல தமிழ் தான் வேணும்னா தாழ்வு இருக்கு, நெடுந்தாழ்வு. ஆனா நவம்பர் மாசம் பாடம் எடுத்தா பிள்ளைங்க கடலுக்குப் போகலாமா வேண்டாமான்னு கேப்பாங்க.

புலவர்:

அன்புள்ள செல்வி, சொல் ஏற்கெனவே நம் வீட்டில் இருக்கிறது, தேட வேண்டியதே இல்லை. "வலிக்கும்வழி வலித்தலும் மெலிக்கும்வழி மெலித்தலும்" என்று தொல்காப்பியம் எச்சவியலில் சொல்லிவிட்டார்கள். நன்னூலாரும் வலித்தல் மெலித்தல் நீட்டல் குறுக்கல் என்று செய்யுள் விகாரங்களை அடுக்குகிறார். வலுப்பெறுதல் வலித்தல், வலுக்குறைதல் மெலித்தல். குறளிலும் வலியார் மெலியார் என்று எதிரெதிராக வருவது அனைவரும் அறிந்ததே. ஆகவே டிப்ரஷன் மெலிப்பு, அதன் எதிர் வலிப்பு. நெடுமெலிப்பு, நெடுவலிப்பு. இரண்டும் இணையாக நிற்கின்றன, எதுகையும் அமைகிறது.

மெல் என்னும் வேரிலிருந்து மென்மை, மெல்ல, மெலிவு, மெல்லினம் எல்லாம் கிளைத்தன. இலத்தீனில் மென்மைக்கு மொல்லிஸ் என்பார்கள் என்பதையும் இங்கே எண்ணிப் பார்க்க வேண்டும்.

டாக்டர்:

ஐயா கும்பிடறேன், நெடுவலிப்பு மட்டும் வேண்டாம். வலிப்பு நிக்காம நீளுறதுன்னு ஆஸ்பத்திரியில நிஜமாவே ஒரு அவசர நிலை இருக்கு, நான் ராத்திரி டூட்டியில எந்திரிச்சு ஓடுறது அதுக்குத்தான். நரம்பைப் பத்தின பாடத்துலயே வலிப்புன்னு ஒரு சொல்லை வேற அர்த்தத்துல வெச்சா யார் பொறுப்பு? வலிவு மெலிவுன்னு வெச்சா எனக்கு ஓகே.

ஆனா மெலிவுலயும் ஒரு உறுத்தல் இருக்கு, அதைச் சொல்லிடறேன். மெலிவு நலிவு தளர்ச்சின்னா ஏதோ நோவுன்னு தோணும். இங்க நடக்கிறது கெட்டது இல்ல. ஏறுநார் கொண்டு வர்றது பெரும்பாலும் "தப்பு பண்ணிட்டே"ங்கிற சேதி, அந்தத் தப்புக்குக் கொஞ்சம் முந்தி பேசிட்டிருந்த இணைநாருங்களோட குரலைக் குறைச்சு வைக்கிறதுதான் திருத்தம். இந்த யோசனையைச் சொன்னவங்க மார் (1969), ஆல்பஸ் (1971). அதுலயும் மார் பலம் கூடும்னார், ஆல்பஸ்தான் குறையும்னார், இட்டோ பண்ணின சோதனை ஆல்பஸ் பக்கம் சாஞ்சுது. இன்னொண்ணு, பர்கின்ஜி செல்லே அடக்குற செல். அது சிறுமூளையோட உள்கருக்களை (ஆழத்துல இருக்கிற நரம்பு செல் கூட்டங்களை) ஓயாம அமுக்கிட்டு இருக்கு. அதுக்கு வர்ற தூண்டல் குறைஞ்சா அமுக்கலும் குறையும், கீழ இருக்கிறவன் கொஞ்சம் தலை தூக்குவான். ஆக இங்க "மெலிவு"ன்னா அடுத்த படியில ஒரு விடுதலை. பையன் மெலிவைப் படிச்சுட்டு சிறுமூளையே சோர்ந்து போச்சுன்னு எழுதுவான், மறுபடி மனச்சோர்வுக்கே வந்து நிப்போம்.

என் ஓட்டு "தணிவு"க்கு. குரல் தணியுது, கோபம் தணியுது, தணிஞ்சா நல்லதுன்னுதான் தோணும்.

கதிர்:

தணிவுன்னா தானா அடங்கி மறுபடி எப்ப வேணா ஏறலாம்னு இருக்கே டாக்டர், காய்ச்சல் தணிஞ்சா ராத்திரி திரும்ப வருது. இங்க நிலைச்சு நிக்கணும்ல. அப்புறம் புலவர் ஐயா, மொல்லிஸ் வேண்டாம், ஒலி ஒத்துப்போறதெல்லாம் உறவுன்னா எங்க ஊர் மொல்லமாரிக்கும் லத்தீன் சம்பந்தம் வந்துடும்.

வாணி (யாழ்ப்பாணம்):

நான் கேக்கிறன், சிறுமூளை எண்டு ஆர் முடிவு செய்தது? நாங்கள் பள்ளிக்கூடத்தில படிச்சது மூளையம், மூளி. பெரிசு மூளையம், சின்னது மூளி. ஒரு சொல்லில முடியுது, மூளிப் புறணி, மூளிக்கருக்கள் எண்டு வடிவாச் சேருது. சிறுமூளைப் புறணி எண்டு சொல்லி முடிக்க மூச்சு வாங்குது.

கதிர்:

அக்கா, எங்க பக்கம் மூளின்னா காது மூக்குல ஒண்ணும் போடாதவளைத் திட்டுற வார்த்தை. மூளி அலங்காரின்னு எங்க பாட்டி சொன்னா தெருவே திரும்பிப் பாக்கும். செல்வி அக்கா வகுப்புல இதைச் சொல்லிட்டு உயிரோட வரமுடியாது.

வாணி:

உங்கட பாட்டிக்காக நாங்கள் எங்கட பாடப்புத்தகத்தை மாத்தேலாது தம்பி. சரி, இது வேற கதை, விடுறன். ஆனா விட்டிட்டன் எண்டு நினைக்க வேண்டாம்.

புலவர்:

டாக்டர் தம்பி வலிப்பைத் தள்ளியது ஏற்புடையதே. வலிவு, மெலிவு. ஆனால் சினாப்ஸ் என்பதை அப்படியே விட்டுவிட்டோமே, அதுதான் என் மனத்தில் முள்ளாக நிற்கிறது. செல்வி சண்டை வேண்டாம் என்றார், இது சண்டை இல்லை. இரண்டு சொற்கள் சந்திக்கும் இடத்துக்குத் தமிழில் பெயர் புணர்ச்சி. தொல்காப்பியத்தில் புணரியல் என்று ஓர் இயலே உண்டு. சேதி அனுப்பும் நரம்பு நிலைமொழி, வாங்கும் நரம்பு வருமொழி. நடுவில் என்ன நிகழ்கிறது? தோன்றல், திரிதல், கெடுதல். சினாப்ஸ் மாறுவதற்கு இதைவிட ஒரு பெயர் உண்டா?

செல்வி:

ஐயா, பதினெட்டு வயசுப் பிள்ளைங்க முன்னாடி நின்னு நரம்புப் புணர்ச்சின்னு நான் சொல்லணும், அதானே. வேண்டாம் ஐயா. வகுப்பு மொத்தம் போயிடும்.

வாணி:

சந்தி எண்டு வையுங்கோவன். இலக்கணத்திலயும் இருக்கு, ரோட்டிலயும் இருக்கு. இஞ்ச ஆரைக் கேட்டாலும் சந்தியில இறங்கு எண்டுதான் சொல்லுவினம்.

புலவர்:

சந்தி வடசொல். அத்துடன் தமிழகத்தில் சந்திக்கு வந்துவிட்டான் என்றால் வேறு பொருள்.

டாக்டர்:

புலவர் ஐயா விளையாட்டா சொன்னாரா நிஜமா சொன்னாரான்னு தெரியல, ஆனா அந்த நிலைமொழி வருமொழி கணக்கு நல்லா ஓடுது, கொஞ்சம் நானும் ஓட்டிக்கிறேன். மரம், கள். சேந்தா மரங்கள். இதுல பின்னால வந்த ககரம் முன்னால நிக்கிற மகரத்தை மாத்திடுது இல்லையா. சேதி முன்னேயிருந்து பின்னே போகுது, மாத்தம் பின்னேயிருந்து முன்னே வருது. அதே வேலையைப் பர்கின்ஜி செல் பண்ணுது. நல்லா கிளர்ந்துட்டா, ஒரு கொழுப்புப் பொருளைத் தன் சவ்வுலேர்ந்து செஞ்சு வெளிய விடும், அது சினாப்ஸ் இடைவெளியை எதிர்த்திசையில தாண்டிப் போயி சேதி அனுப்புற முனையில இருக்கிற சிபி1 ஏற்பியைப் பிடிச்சு "போதும் குறைச்சுக்கோ"ங்கும். சில பத்து விநாடிக்கு அந்த முனை கம்மியாத்தான் குளூட்டமேட் (தூண்டுற சேதிப் பொருள்) விடும். 2001ல அமெரிக்காவுல கிரைட்சர், ரெகர் ரெண்டு பேரும் காட்டினது. அடக்கு நரம்பு முனையில இதே மாதிரி நடக்கிறதை பத்து வருசம் முந்தியே பாத்துட்டாங்க. கஞ்சா பிடிக்கிற ஏற்பியும் இதேதான், சிறுமூளையில இது அடர்த்தியா இருக்கு, கஞ்சா அடிச்சவன் நடை ஏன் கோணுதுன்னு கேட்டா பதில்ல ஒரு பகுதி இங்க இருக்கு.

செல்வி, இதையும் உங்க குறிப்புல தனியா வைங்க. இது குறுங்காலம், எல்.டி.டி நெடுங்காலம். இது அனுப்புற பக்கம், அது வாங்குற பக்கம். வாங்குற பக்கத்துல கால்சியம் ஏறி, புரோட்டீன் கைனேஸ் சிங்கிற நொதி வேலைக்கு வந்து, குளூட்டமேட்டைப் பிடிக்கிற ஆம்பா ஏற்பியில பாஸ்பேட் ஒட்டி, ஏற்பியைச் சவ்வுலேர்ந்து உள்ள இழுத்துக்கும். புலவர் கணக்குப்படி இது கெடுதல் விகாரம். எழுத்தே காணாம போயிடுது.

புலவர்:

கெடுதல்! மிகச் சரி. நெடுங்கெடுதல்.

கதிர்:

ஐயா, அது இன்னும் மோசம்.

டாக்டர்:

இன்னொரு சிக்கலையும் சொல்லிட்டுப் போறேன். ஹிப்போகாம்பஸ்ல (ஞாபகத்துக்கு வேண்டிய மூளைப் பகுதி) கால்சியம் நிறைய ஏறினா பலம் கூடும், கொஞ்சமா ஏறினா குறையும். அங்கதான் முதல்ல இந்த நெடுங்கால வலிவையே பாத்தாங்க, பிளிஸ், லோமோ, 1973, அதுவும் முயல். சிறுமூளை இணைநார்ல இது தலைகீழ். நிறைய ஏறினா குறையும், கொஞ்சமா ஏறினா கூடும். பிள்ளைங்க இந்த ரெண்டையும் குழப்பாம இருக்கணும்னா ஜோடியா நிக்கிற சொல்லுதான் நல்லது. அதனால தணிவை நானே வாபஸ் வாங்கிக்கலாம், தணிவுக்கு எதிர்ச்சொல் கேட்டா எனக்கு வாயில வரல. நோவு மாதிரி தோணுதுங்கிற குறை அப்படியேதான் இருக்கு.

கதிர்:

அட, சினாப்ஸ்ங்கிற பேரே இப்படி ஒரு பஞ்சாயத்துல பிறந்ததுதான். இங்கிலாந்து உடலியல்காரர் ஷெரிங்டன் 1897ல ஃபாஸ்டரோட உடலியல் பாடப்புத்தகத்துக்கு எழுதும்போது சின்டெஸ்ம்னு வைக்கலாம்னார். ஃபாஸ்டர் போயி டிரினிட்டி காலேஜ்ல கிரேக்கம் தெரிஞ்ச வெரல்ங்கிறவரைக் கேட்டார். அவர் சினாப்ஸ் சொன்னார். காரணம் என்ன தெரியுமா, அதுலேர்ந்து பெயரடை நல்லா வரும். அர்த்தத்தைப் பாத்து முடிவு பண்ணல ஐயா, அடுத்த சொல்லோட ஒட்டுமான்னு பாத்து முடிவு பண்ணினாங்க. நாமளும் அதையே பாக்கலாம். மெலிவு: மெலிவுற்ற சினாப்ஸ், மெலிவிக்கும் சேதி, நெடுமெலிவு, குறுமெலிவு. ஒட்டுது. தாழ்வு: தாழ்வுற்ற சினாப்ஸ், கேக்கவே பாவமா இருக்கு. எனக்கு எல்.டி.டி தான் இன்னும், ஆனா தமிழ்ல வெச்சே தீரணும்னா மெலிவு.

புலவர்:

அவர்களுக்கே கிரேக்கப் புலவர் ஒருவர் தேவைப்பட்டார் என்பதைக் குறித்துக்கொள்கிறேன்.

ஏறுநாரையும் ஒருமுறை பாருங்கள். மரத்தில் கொடி படர்வது போல் செல்லின் கிளைகள் மேல் படர்வதால் ஸ்பெயின் நாட்டு நரம்பியல் அறிஞர் கஹால் அந்தப் பெயர் வைத்தார் என்று படித்தேன். கொடிநார் என்றால் என்ன குறை? இணைநாரும் சிக்கல்தான். இணை என்றால் சோடியா, சமாந்தரமா? ஒருபோகுநார் எனலாம்.

வாணி:

சமாந்தர நார். நாங்கள் கணக்குப் பாடத்திலயும் அதைத்தான் பாவிக்கிறம்.

செல்வி:

கொடிநார் எடுத்துக்கிறேன் ஐயா, அழகா இருக்கு, படமும் வரையலாம். ஒருபோகு வேண்டாம், இணைநாரே இருக்கட்டும். இணைகோடுன்னு ஆறாம் வகுப்புலயே படிச்சிருக்காங்க. இப்ப எல்.டி.டிக்கு கையைத் தூக்குங்க, ராத்திரி பிரிண்ட் எடுக்கணும். நெடுமெலிவு, நெடுவலிவு. முதல் முறை வரும்போது பக்கத்துலயே எல்.டி.டி, எல்.டி.பி (லாங் டெர்ம் பொடென்ஷியேஷன்)னு போட்டுடறேன், கதிர் சமாதானமா?

கதிர்:

அரை சமாதானம்.

டாக்டர்:

சரி. ஆனா கீழ ஒரு வரி கட்டாயம் சேருங்க, மெலிவுன்னா நோய் இல்ல, கத்துக்கிற வழின்னு. கத்துக்கிற வழியும் இது ஒண்ணுதான்னு எழுதிடாதீங்க. 2011ல ஒரு ஆய்வு வந்துது, இந்த மெலிவே வராத மாதிரி மரபணுவை மாத்தின எலிங்க அசைவைக் கத்துக்கிறதுல மத்த எலிங்களுக்குச் சமமா நின்னுச்சு. அதுலேர்ந்து சண்டை ஓயல. வலிவும் உண்டு, அடக்கு சினாப்ஸ்லயும் மாத்தம் உண்டு, கொடிநாரே மெலியும்னு 2000ல காட்டிட்டாங்க. மொத்த மூளையோட எட்டாயிரத்து அறுநூறு கோடி நியூரான்ல கிட்டத்தட்ட 6900 கோடி இந்தச் சின்ன இடத்துல அடைஞ்சு கிடக்கு, ஒரே வித்தையை வெச்சு அத்தனையும் ஓட்டும்னு நான் நம்பல.

செல்வி:

நன்றி டாக்டர், அந்த வரி சேத்துட்டேன். நெடுமெலிவுன்னு போட்டு அனுப்பிட்டேன். அடுத்த வாரம் உள்கருக்கள் பாடம், அதுக்கும் வருவேன், எல்லாரும் தயாரா இருங்க.

புலவர்:

அச்சுக்குப் போய்விட்டது என்றால் சரி. ஆயினும் ஒன்றைப் பதிவு செய்கிறேன். மெலிவு என்பது நிகழ்ந்து முடிந்த நிலை. நீங்கள் விளக்குவதோ நிகழும் வினை. அது மெலித்தல். அடுத்த பதிப்பிலாவது நெடுமெலித்தல் என்று திருத்துக.

வாணி:

அடுத்த பதிப்பிலாவது மூளி எண்டும் ஒருக்காப் போடுங்கோ.