சுகர் மாத்திரை மலிவுதானே, அரசாங்கத்துக்கு என்ன பாரம்?

கம்பத்துக்காரன்:
அம்மாவுக்கு எட்டு வருஷமாகச் சுகர். விடியக்காலை ஜீப் ஏறி, கம்பம்மெட்டு வழியாக கேரளாவில் வண்டன்மேடு பக்கம் ஏலக்காய்த் தோட்டத்துக்கு வேலைக்குப் போனால் இருட்டித்தான் திரும்புவார். மாத்திரை தமிழ்நாடு அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வருகிறது, காசு கிடையாது. நேற்று டீக்கடையில் ஒருவர், சுகர்காரர்களால்தான் அரசு ஆஸ்பத்திரிப் பணமெல்லாம் கரைகிறது என்று அடித்துப் பேசினார். அம்மா போடும் சுகர் மாத்திரை மெட்பார்மின் என்ன விலை விற்கிறது? சில ரூபாய்தானே? கணக்குத் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

லேப் தம்பி:
அண்ணே, மாத்திரையில் போவது சில்லறைதான். மாத்திரையை விட்டவர் கிட்னி போய்த் திரும்பி வரும்போதுதான் செலவே. டயாலிசிஸ், அதாவது கிட்னிக்குப் பதில் மெஷின் வைத்து ரத்தத்தைச் சுத்தம் செய்வது, வாரம் இரண்டு தடவை என்று வைத்தால்கூட வருஷத்துக்கு 104 தடவை, அதுவும் ஒரே ஆளுக்கு. ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம் ஒரு மெஷின், ஒரு கட்டில், பார்த்துக்கொள்ள ஆள், சுத்திகரித்த தண்ணீரே சுமார் 120 லிட்டர். மாற்றுக் கிட்னி கிடைக்கும்வரை இது நிற்காது. 2023-ல் வந்த ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) ஆய்வு நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சுகர், இன்னும் 13.6 கோடிப் பேர் சுகர் வரும் விளிம்பில் என்கிறது. தமிழ்நாட்டில் 14.4 சதவீதம், மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவில் 25.5. இதில் பத்தில் ஒருவர் கிட்னிக்கு வந்தாலே எந்த ஆஸ்பத்திரி தாங்கும்?

குமுளிப் பேத்தி:
அரசாங்கக் கணக்கை மட்டும் பார்க்காதீர்கள் சகோ. எங்கள் தாத்தா எஸ்டேட் லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) இருந்தவர், சுகரில் கால் மரத்துப்போயிருந்தது. ஒருநாள் பூட்ஸுக்குள் ஒரு சின்னக் கல் கிடந்திருக்கிறது, அதோடு நாள் முழுக்கக் காடு ஏறி இறங்கியிருக்கிறார், சாயங்காலம் கழற்றும்போது சாக்ஸ் ரத்தம். வலியே இல்லை என்றார், அதுதான் பயமே. கேரளப் பக்கம் பார்த்த சீட்டோடு கீழே தமிழ்நாட்டில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் அதைப் புரட்டிக்கூடப் பார்க்காமல் ரத்தம், யூரின், எக்ஸ்ரே எல்லாம் முதலிலிருந்து எடுத்தார்கள். ஒரே காலுக்கு இரண்டு மாநிலச் செலவு! கடைசியில் இரண்டு விரல் போனது. கூட இருந்த அத்தைக்கு ஒரு மாதக் கூலியும் போனது, அதை யார் எழுதி வைத்தார்கள்?

கம்பத்துக்காரன்:
இதைப் படித்துவிட்டு எழுந்துபோய் அம்மாவின் டப்பாவைத் திறந்து பார்த்தேன். இரண்டு மாத மாத்திரை பிரிக்காமலே கிடக்கிறது. கேட்டால், அதைப் போட்டால் வயிறு கலக்குகிறது, ஜீப்பில் பத்துப் பதினைந்து பேரோடு போகும்போது எங்கே இறங்குவது, காட்டில் கக்கூஸா இருக்கிறது என்கிறார். மாத்திரை கொண்டுவரும் அக்கா வருவது பகலில், வாங்கி வைப்பது பக்கத்து வீடு, அதனால் இது யாருக்குமே தெரியவில்லை.

லேப் தம்பி:
மெட்பார்மின் பலருக்கு அப்படிச் செய்யும் அண்ணே, வெறும் வயிற்றில் போட்டால் இன்னும் மோசம். மெதுவாகக் கரைகிற வகை இருக்கிறது, பெரும்பாலும் ராத்திரிச் சாப்பாட்டோடு கொடுப்பார்கள். நீங்களாக மாற்றாமல் டாக்டரிடம் இந்த ஜீப் விஷயத்தை அப்படியே சொல்லுங்கள். மூன்று மாதச் சுகர் சராசரியைக் காட்டும் ரத்த டெஸ்டும் எடுத்துவிடுங்கள். அப்புறம், கால் இரண்டையும் காட்டச் சொல்லுங்கள், விரல் இடுக்கு உட்பட.