பெரிய பொறுப்பில் இருந்தவர்களிடம் கண்டதும் கேட்டதும்: தென்னாப்பிரிக்கத் தமிழர்களின் அனுபவப் பகிர்வு

மிட்ராண்ட், மென்பொருள் துறை:

எல்லோருக்கும் வணக்கம். போன மாதம் எனக்கு அணித் தலைவர் பொறுப்பு கொடுத்தார்கள். என் கீழே வேலை செய்பவர்களில் பாதிப் பேர் என்னைவிட வயதிலும் அனுபவத்திலும் மூத்தவர்கள். தலைமைப் பண்பு பற்றி யூடியூபில் தேடினால் வருவதெல்லாம் அமெரிக்கக் கதைதான். இந்த நாட்டில் பெரிய பொறுப்பில் இருந்தவர்களோடு பழகிய அண்ணன்மார், அக்காமார் இருந்தால், அவர்களிடம் பார்த்ததில் எது உங்களுக்கு நிஜமாகவே கைகொடுத்தது என்று எழுதுங்கள். நீங்கள் வேலை பார்த்த கம்பெனியின் பெயர் வேண்டாம்.

டர்பன், சில்லறை வணிகம்:

வாழ்த்துகள் தம்பி. நான் சூப்பர்மார்க்கெட் தொழிலிலேயே காலத்தை ஓட்டியவன். எங்கள் மாகாணம் முழுக்கப் பொறுப்பாக இருந்து ஓய்வு பெற்ற ஒருவரைக் கொஞ்சம் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். பெரியவர் என்றே வைத்துக்கொள்வோம்.

அவர் கடைக்கு வருவது பெரும்பாலும் மாதத்தின் முதல் வாரத்தில்தான். அது அரசு உதவித்தொகை கொடுக்கும் வாரம். முதலில் முதியோர், அடுத்து மாற்றுத்திறனாளிகள், அப்புறம் குழந்தைகளுக்கான தொகை. கடை திறப்பதற்கு முன்பே பாட்டிமார் வரிசையில் நிற்பார்கள். பொருள் வாங்கும் கல்லாவிலேயே உதவித்தொகையையும் எடுத்துக்கொள்ளலாம். வெளியிலிருந்து பார்த்தால் இது சமூக சேவை மாதிரி தெரியும். சேவைதான், ஆனால் கடைக்கும் அதில் கணக்கு உண்டு. கல்லாவில் விழுந்த ரொக்கம் நேராகப் பாட்டியின் கைக்குப் போனால், வங்கிக்கு அனுப்ப வேண்டிய ரொக்கம் குறைகிறது. பணம் ஏற்றிப் போகும் வண்டியை நடுரோட்டில் மறித்து வெடி வைக்கிற ஊர் இது. கடையில் பணம் தங்காமல் இருப்பதே நிம்மதி. எடுத்த பணத்தில் ஒரு பகுதி மாவு, எண்ணெய், சர்க்கரை என்று உடனே கல்லாவுக்குத் திரும்பியும் விடும்.

ஆனால் அந்த வாரத்தில் மட்டும் கணக்கு தலைகீழ். காலையில் வியாபாரம் சூடுபிடிக்கும் முன்பே எல்லோரும் பணம் எடுக்க வருவதால், கையில் போதுமான நோட்டு இருக்க வேண்டும். ஒரு முறை பதினொரு மணிக்கெல்லாம் நோட்டு தீர்ந்துவிட்டது. எங்கள் மேலாளர் ‘நெட்வொர்க் கோளாறு’ என்று ஓர் அட்டையில் எழுதி ஒட்டச் சொன்னார். அந்த நேரம் பார்த்துப் பெரியவர் வந்து நின்றார். அவர் முன்வாசல் வழியாக வரவே மாட்டார், சரக்கு இறக்கும் பக்கமாகத்தான் நுழைவார். நேராகக் கல்லாவில் இருந்த பெண்ணிடம் போய் ஸூலுவில் நலம் விசாரித்துவிட்டு, “நெட்வொர்க் எத்தனை மணிக்குப் போனது?” என்று கேட்டார். அந்தப் பெண் பதில் சொல்லாமல் மேலாளர் முகத்தைப் பார்த்தாள். பெரியவருக்குப் புரிந்துவிட்டது. அட்டையை எடுக்கச் சொன்னார்.

அப்போது நான் ரொக்க அறையில் இருந்தேன். என்னையும் மேலாளரையும் உட்காரவைத்தார். குரல் உயரவே இல்லை. “நோட்டு தீரப்போகிறது என்று முதலில் யாருக்குத் தெரிந்தது?” எனக்குத்தான். ஒன்பதரைக்கே மேலாளரிடம் சொல்லியிருந்தேன். “சரி, ஒன்பதரையிலிருந்து பதினொன்று வரை அந்தச் செய்தி எங்கே நின்றது?” மேலாளர் கொஞ்சம் தயங்கிவிட்டு உண்மையைச் சொன்னார். முந்தைய மாதம் இதே விஷயத்துக்கு வட்டார அலுவலகத்துக்குப் போன் செய்த பக்கத்துக் கிளைக்காரருக்கு விழுந்த வசவு எல்லாக் கிளைகளுக்கும் தெரியும். அதனால் இவர் போனைத் தொடவே இல்லை.

இந்த இடத்தில் நான் எதிர்பார்த்தது மேலாளருக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம். பெரியவர் போனை எடுத்து, எங்கள் முன்னாலேயே வட்டார அலுவலகத்தில் வசவு கொடுத்த அந்த ஆளைக் கூப்பிட்டு, போன மாதம் என்ன நடந்தது என்று நிதானமாக விசாரித்தார். மறைத்தவரைவிட, மறைக்கும்படி செய்தவர்தான் அவருக்கு முக்கியமாகப் பட்டார். அடுத்த மாதத்திலிருந்து எங்கள் வட்டாரத்தில் நோட்டு குறைகிறது என்ற போன் காலை எட்டரைக்கே போக ஆரம்பித்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வருடக் கடைசி விருந்துகளில் அவர் இந்தத் தொழிலின் பழைய கதைகளைச் சொல்வார். ரேமண்ட் அக்கர்மனை 1966-ல் செக்கர்ஸ் சூப்பர்மார்க்கெட் வேலையிலிருந்து நீக்கியது, அடுத்த வருடமே அவர் கேப் டவுனில் பிக் அண்ட் பே என்ற பெயரில் நான்கே கடைகள் இருந்த வியாபாரத்தை வாங்கியது, எல்லோரும் கேட்ட கதைதான். பெரியவர் அதோடு விட மாட்டார். “அவருடைய அப்பாதான் அக்கர்மன்ஸ் துணிக்கடையை ஆரம்பித்தவர், அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்” என்பார். வேலை போனவனெல்லாம் மறுவருடம் முதலாளி ஆகிவிட முடியாது என்பது அவர் கட்சி. அதே மாதிரி ஷாப்ரைட் சூப்பர்மார்க்கெட் கம்பெனியின் வைட்டி பாசன். 1979-ல் எட்டுக் கடைகளோடு தொடங்கி 2016 வரை அந்தக் கம்பெனியை நடத்தினார். அக்கர்மனை வெளியே அனுப்பிய அதே செக்கர்ஸ் 1991-ல் இவர் கைக்கு வந்தது. 1997-ல் ஓகே பஜார்ஸ் என்ற பெரிய கடைச் சங்கிலியை ஒரே ஒரு ரேண்டுக்கு வாங்கினார். “ஒரு ரேண்டைத்தான் எல்லோரும் ஞாபகம் வைத்திருக்கிறார்கள். அதோடு சேர்ந்து வந்த நஷ்டத்தை யார் எண்ணிப் பார்த்தார்கள்?” என்று பெரியவர் சிரிப்பார்.

லெனேசியா, ஆசிரியை:

அண்ணா, எல்லாம் சரி. அன்றைக்கு வரிசையில் நின்ற பாட்டிமாருக்குப் பணம் கிடைத்ததா இல்லையா? அதை விட்டுவிட்டீர்களே!

டர்பன், சில்லறை வணிகம்:

கிடைத்ததம்மா. பக்கத்துக் கிளையிலிருந்து மதியம் நோட்டு வந்தது. அதுவரை உட்கார நாற்காலியும் டீயும் கொடுத்தோம். சிலர் திட்டிக்கொண்டே டீ குடித்தார்கள், அது நியாயம்தான்.

ரஸ்டன்பர்க், சுரங்க அளவையாளர்:

நெய்வேலியில் வேலை கற்றுக்கொண்டு இங்கே வந்தவன் நான். அங்கே திறந்தவெளிச் சுரங்கம், இங்கே பிளாட்டினத்துக்காகப் பூமிக்குள் இறங்க வேண்டும். ரஸ்டன்பர்க் பக்கம் யாரிடம் கேட்டாலும் 2007-ஐப் பற்றிச் சொல்வார்கள். சிந்தியா கேரல் ஆங்கிலோ அமெரிக்கன் என்ற சுரங்கக் கம்பெனியின் தலைமைச் செயல் அதிகாரியாக வந்த வருடம் அது. அதற்கு முந்தைய ஐந்து வருடங்களில் அந்தக் கம்பெனியில் கிட்டத்தட்ட 200 தொழிலாளர்கள் வேலையில் இறந்திருந்தார்கள். சாவு இந்தத் தொழிலோடு பிறந்தது என்றே பலர் நினைத்திருந்த காலம். அவர் ரஸ்டன்பர்க் சுரங்கங்களையே நிறுத்திவிட்டு, ஆட்களுக்கு மறுபடி பயிற்சி கொடுத்த பிறகுதான் திறந்தார். உலகத்தின் மிகப் பெரிய பிளாட்டினச் சுரங்கம் வாரக்கணக்கில் மூடிக் கிடந்தது என்றால் நஷ்டத்தை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

நான் நேரில் பார்த்தது வேறொரு சுரங்கத்தில், வேறொருவரிடம். அங்கே பொது மேலாளர் உள்ளே இறங்குகிறார் என்றால் முதல் நாளே கூட்டிப் பெருக்கி வைப்பார்கள். அன்றைக்கு அவர் சொன்ன பகுதிக்குப் போகாமல் திடீரென்று வேறு பகுதிக்குத் திரும்பிவிட்டார். உள்ளே நுழையும் முன் தலைக்கு மேலே இருக்கும் பாறையைக் கடப்பாரையால் தட்டிப் பார்ப்பது வழக்கம். கணீரென்று கேட்டால் பாறை கெட்டி. பறை மாதிரி பொதுபொதுவென்று கேட்டால் பாறை விலகி நிற்கிறது என்று அர்த்தம். ஷிஃப்ட் பொறுப்பாளர் “தட்டிப் பார்த்துவிட்டோம், நன்றாக இருக்கிறது” என்றார். பொது மேலாளர் கடப்பாரையை வாங்கி, ஓரமாக நின்றிருந்த லெசோத்தோக்காரத் துளைக் கருவி ஓட்டுநரிடம் கொடுத்து, “நீ தட்டு, நான் கேட்கிறேன்” என்றார். அவர் தயங்கித் தயங்கி மூன்று இடத்தில் தட்டினார். மூன்றாவது இடத்தில் சத்தம் மாறியது. எல்லோரும் வெளியே வந்தோம். அந்தப் பகுதியில் அன்றைக்கு வேலை நின்றது.

ஆபத்து என்று பட்டால் தொழிலாளி வெளியேறலாம் என்று 1996-ன் சுரங்கப் பாதுகாப்புச் சட்டமே சொல்கிறது. ஆனால் எத்தனை சதுர மீட்டர் பாறை உடைந்தது என்பதை வைத்து மொத்தக் குழுவுக்கும் போனஸ் கணக்கிட்டால், வெளியேறுகிறவனை முதலில் முறைப்பவன் பக்கத்தில் நிற்கும் கூட்டாளிதான். இது அந்தப் பொது மேலாளருக்குத் தெரிந்திருந்தது. பாதுகாப்புக் காரணத்தால் நின்ற நாளுக்குக் குழுவின் சராசரியை வைத்து போனஸ் கொடுக்க உத்தரவு போட்டார். கணக்குப் பிரிவு முணுமுணுத்தது, கள்ளத்தனமாக வேலையை நிறுத்துவார்கள் என்று. கொஞ்சம் அப்படியும் நடந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். இருந்தாலும் அவர் உத்தரவை மாற்றவில்லை. ‘பயப்படாமல் சொல்லுங்கள்’ என்று பேசின தலைவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். சொன்னவன் சம்பளத்தில் கை வைக்காமல் பார்த்துக்கொண்டவர் இவர் ஒருவர்தான்.

ஸ்டெல்லன்போஷ், தணிக்கையாளர்:

குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். வெற்றி பெற்றவர் சொன்னது என்பதாலேயே அதை வேதவாக்காக எடுத்துக்கொள்ளாதீர்கள் என்று சொல்லத்தான் வந்தேன். நான் இருக்கும் இந்த ஊரில்தான் ஸ்டைன்ஹாஃப் என்ற பெரிய சில்லறை வணிகக் கம்பெனியின் தலைமை அலுவலகம் இருந்தது. 2017 டிசம்பரில் தலைமைச் செயல் அதிகாரி பதவி விலகினார், சில நாட்களுக்குள் பங்கு விலையில் பெரும்பகுதி காணாமல் போனது. பிறகு வந்த விசாரணை அறிக்கையில் சுமார் 650 கோடி யூரோவுக்குப் பொய்யான பரிவர்த்தனைகள் என்று கணக்குச் சொன்னார்கள். அதுவரை அவரும் தலைமைக்கு உதாரணம் காட்டப்பட்டவர்தான். இதில் ஒரு வேடிக்கை பாருங்கள். டர்பன் அண்ணன் சொன்ன ஷாப்ரைட்டின் தலைவராகப் பல காலம் இருந்தவர் கிறிஸ்டோ வீஸ. ஸ்டைன்ஹாஃபில் பெரும் சொத்தை இழந்தவரும் அவரேதான். ஒரே முதலாளி, இரண்டு நிர்வாகிகள். ஆளைப் பார்த்து நம்புவது எவ்வளவு தூரம் செல்லும் என்று இதிலேயே தெரிகிறது.

நான் மதிக்கும் ஒரு நிதி இயக்குநர் உண்டு. பேச்சு சுமார்தான், மேடையில் ஏற்றினால் தூக்கம் வரும். ஆனால் மாதாந்திரக் கூட்டத்தில் ஒவ்வொரு பிரிவும் முதலில் தன் கணக்கில் தனக்கே புரியாத ஓர் எண்ணைச் சொல்ல வேண்டும் என்பது அவர் விதி. லாபம், விற்பனை எல்லாம் அதற்குப் பிறகு. “எங்களிடம் அப்படி எதுவும் இல்லை” என்று யாராவது சொன்னால், என்னை அந்தப் பிரிவுக்குத்தான் முதலில் அனுப்புவார்.

பிரிட்டோரியா, மின் பொறியாளர்:

செய்தி மேலே போனால் மட்டும் போதாது என்பதற்கு எங்கள் துறையே சாட்சி. அப்போது இருந்த உபரி மின்சாரம் 2007 வாக்கில் தீர்ந்துவிடும் என்று 1998 டிசம்பரில் அரசின் வெள்ளை அறிக்கையிலேயே அச்சடித்திருந்தது. புது மின்நிலையங்களுக்கு முடிவெடுக்காமல் வருடங்கள் போயின. 2008 ஜனவரியில் ரஸ்டன்பர்க் நண்பர் இருக்கும் சுரங்கங்கள் உட்பட நாட்டின் பெரிய சுரங்கங்கள் மின்சாரம் இல்லாமல் சில நாட்கள் நின்றன. 2023-ல் லோட் ஷெடிங் என்கிற முறைவைத்த மின்வெட்டு இல்லாத நாளை விரல்விட்டு எண்ண வேண்டியிருந்தது எல்லோருக்கும் தெரியும். அத்தனைக்கும் அந்தக் கணிப்பை யாரும் ஒளித்து வைக்கவில்லை. அதைப் படித்தவர் இன்ன தேதிக்குள் பதில் சொல்லியாக வேண்டும் என்ற ஏற்பாடு மட்டும் இல்லை.

மிட்ராண்ட், மென்பொருள் துறை:

எல்லோருக்கும் நன்றி. ஒரு சந்தேகம். டர்பன் அண்ணன் கதையில் வசவு கொடுத்தவருக்கும் மேலே ஒருவர் இருந்தார். என் விஷயத்தில் கெட்ட செய்தியைக் கேட்டால் எரிந்து விழுகிறவர் என் நேர் மேலாளரேதான். அவருக்கு மேலே எனக்கு யாரையும் தெரியாது. என்ன செய்வது?

ஸ்டெல்லன்போஷ், தணிக்கையாளர்:

எழுத்தில் அனுப்பு தம்பி. நீளமாக வேண்டாம், நான்கு வரி போதும். என்ன நடக்கிறது, சும்மா விட்டால் எந்தத் தேதியில் எவ்வளவு இழுக்கும், அவரிடமிருந்து உனக்கு என்ன முடிவு வேண்டும், எந்தக் கிழமைக்குள் வேண்டும். கடைசிக் கேள்விக்குக் கண்டிப்பாகக் கிழமையைப் போடு. இங்கே ‘ஜஸ்ட் நௌ பார்க்கிறேன்’ என்றால் அது இன்றைக்கா அடுத்த மாதமா என்று சொன்னவருக்கே தெரியாது. உன் அணிக்காரர் உன்னிடம் முதலில் சொல்லியிருந்தால் அவர் பெயரைப் போடாதே, உன் பெயரில் அனுப்பு. அப்புறம், வெள்ளிக்கிழமை மதியத்துக்கு மேல் அனுப்பவே அனுப்பாதே. அந்த நேரத்தில் ஆள் ப்ராய் (இறைச்சி சுடும் விருந்து) அடுப்புக்குக் கரி வாங்கக் கிளம்பியிருப்பார்.