ஓசியில நியூயார்க் டிக்கெட் கொடுத்தா போவீங்களா மாட்டீங்களா?

எடிசன்காரன்:
நேத்து வேற ஒரு விவாதத் திரியில, குலுக்கல்ல முதல் பரிசா நியூயார்க் டூர் தராங்கன்னு யாரோ ஒருத்தர் சந்தோஷமா எழுதப் போக, நம்ம திண்ணைவாசி அண்ணாச்சி வந்து உதிர்த்த முத்து இது: //நியூயார்க்கா? ஓசில குடுத்தாலும் வேண்டாம் வே. நடைபாதை பூரா குப்பை மூட்டை. அதைப் பாக்க 20 மணி நேரம் பிளைட்டுல குத்தவைக்கணுமாக்கும்.// அங்கயே பதில் சொல்லியிருப்பேன், அதுக்குள்ள திரியைப் பூட்டிட்டாங்க. அதனால தனித் திரி.

அண்ணாச்சி, நியூயார்க்கோட மையப்பகுதி மன்ஹாட்டன்ல 1811-ல தெருவுக்கு பிளான் போட்டப்போ கட்டடத்துக்குப் பின்னாடி சந்தே விடல. சிகாகோல பின்சந்து இருக்கு, குப்பைத்தொட்டி அங்க நிக்கும், முன்வாசல் வழியா போறவங்க கண்ணுல படாது. இங்க சந்து இல்ல, அதனால ராத்திரி மூட்டை கட்டி வாசல்ல வைக்கறாங்க, லாரி வந்து அள்ளிட்டுப் போயிடும், அவ்வளவு தான் விஷயம். இதுக்குப் போய் ஊரே வேணாம்னா? 1883-ல திறந்த புரூக்ளின் பாலம், 843 ஏக்கர் சென்ட்ரல் பார்க், 24 மணி நேரமும் ஓடற சப்வே, அதுல 472 ஸ்டேஷன். ஓசில கிடைச்சா எவனாவது விடுவானா?

திண்ணைவாசி:
ஆக மூட்டை இருக்கு. நீரே சொல்லிட்டீரு, சந்தோசம். 1811-ல இருந்து இருக்குன்னு வேற சொல்லுதீரு.

நான் ஒண்ணும் வீட்டுல உக்காந்து யூடியூப் பாத்துட்டுப் பேசலவே. ஆபீஸ் வேலையா அனுப்புனாங்க, தங்கியிருந்தேன். ராத்திரி வச்சு ராத்திரியே அள்ளிருவாங்கன்னு சொல்லுதீரே, நான் காலையில 9 மணிக்கு ஆபீசுக்கு நடந்து போவேன், அப்பவும் இடுப்பு உசரத்துக்குக் கருப்பு மூட்டை கிடக்கும். ஜூலை மாச வெயிலு வேற. அந்த வாடைக்கு எந்தப் பாலத்தைக் காட்டினாலும் ஈடு ஆகாது.

குறும்பன்:
பாப்கார்ன் வாங்கியாச்சு. ஓசி இல்ல, காசு கொடுத்து.

பத்மா_ஆடிட்டர்:
ஒரு சந்தேகம். ஓசின்னா என்னென்ன அடக்கம்? டிக்கெட் மட்டுமா, இல்ல ரூம், விசா, சாப்பாடு எல்லாமா? ஏன்னா பரிசா ஜெயிச்சா நம்ம ஊர்ல அந்தப் பரிசோட மதிப்புக்கு 30 சதவீதம் வரி. பொருளாவோ டூராவோ கொடுத்தாலும் வரியைக் கட்டின அப்புறம் தான் கைக்கு வரும். விசா ஃபீஸ் 185 டாலர், ரிஜக்ட் ஆனாலும் திரும்ப வராது. அங்க போனா ஹோட்டல் பில்லுல வரி, சாப்பிட்டா பில்லுல 8.875 சதவீதம் வரி, அதுக்கு மேல டிப்ஸ். இதை யார் கட்டறாங்கன்னு முதல்ல முடிவு பண்ணிட்டுப் பேசினா நல்லா இருக்கும்.

எடிசன்காரன்:
//காலையில 9 மணிக்கு// வாய்ப்பே இல்ல. நான் தினமும் எடிசன்ல ரயில் ஏறி மன்ஹாட்டன் பென் ஸ்டேஷன்ல இறங்கி ஆபீசுக்கு நடக்கறவன். 9 மணிக்குத் தெரு துடைச்ச மாதிரி இருக்கும். அண்ணாச்சி 7 மணிக்குப் பாத்துட்டு 9-னு நினைச்சுட்டு இருக்கார், ஜெட்லாக்ல கடிகாரம் பாத்தா அப்படித் தான். அதுவும் இப்ப ரூல் மாறிடுச்சு. முன்னாடி சாயங்காலம் 4 மணிக்கே மூட்டையை வெளிய வைக்கலாம், 2023 ஏப்ரல்ல இருந்து ராத்திரி 8 மணிக்கு அப்புறம் தான். 2024 மார்ச்ல இருந்து கடைக்காரங்க எல்லாரும் மூடி போட்ட டப்பால தான் வைக்கணும். அதே வருஷம் நவம்பர்ல 9 வீடு வரைக்கும் இருக்கற கட்டடங்களுக்கும் அதே சட்டம். அப்டேட் ஆகுங்க.

திண்ணைவாசி:
9 வீடு வரைக்கும். சரி. 10 வீடு இருந்தா? 40 மாடி பில்டிங்குக்காரன் என்ன பண்ணுவான்? மன்ஹாட்டன்ல 9 வீட்டுக் கட்டடமா நிறைய இருக்கு, 40 மாடியா நிறைய இருக்கு? சொல்லும் பாப்போம்.

9 மணி தான். எங்க மேனேஜர் 9.30-க்கு மீட்டிங் வைப்பான், அதனால எனக்கு நல்லாத் தெரியும்.

கோவைத்தம்பி:
ஏனுங்க, ரெண்டு பேரும் போய்ட்டு வந்துட்டு இங்க சண்டை போடறீங்க, எங்களை மாதிரி பாஸ்போர்ட்டை மட்டும் வெச்சுட்டு உக்காந்திருக்கறவங்க என்னங்க பண்றது? எனக்குக் கொடுத்தா குப்பை மூட்டை மேல ஏறி நின்னு போட்டோ எடுத்துக்குவேனுங்க. அந்த சுதந்திர தேவி சிலையை ஒரு தடவை பாக்கோணும், அவ்வளவு தான். கூட வேலை பாக்கற ஒருத்தரு சொன்னாரு, கப்பல்ல காசே வாங்காம கூட்டிட்டுப் போறாங்களாம், அது நெசமாங்க?

எடிசன்காரன்:
நிஜம் தான் தம்பி. ஸ்டேட்டன் ஐலண்ட் ஃபெர்ரி, 1997-ல இருந்து டிக்கெட் கிடையாது, 25 நிமிஷம், சிலையைப் பாத்துக்கிட்டே போகலாம். ஓசி டூருக்குள்ள ஒரு ஓசி :)

கனடாக்காரன்:
தம்பி, அவர் சொல்லுறதை நம்பி ஏறாதேங்கோ. அந்த ஃபெர்ரி சிலையடிக்குப் போறேல்லை, தூரத்தில நிண்டு பாக்கிறது தான். சிலை விரலளவுக்குத் தான் தெரியும். கிட்டப் போக வேறை கப்பல், அதுக்குக் காசு. நாங்கள் டொரன்டோவில இருந்து காரில போறனாங்கள், பிள்ளையளோட போய் வரிசையில நிண்டு ஏறி, எல்லிஸ் தீவும் பாத்து வந்தனாங்கள். 1892-ல இருந்து 1954 வரைக்கும் கப்பலில வந்த சனத்தைப் பதிஞ்ச இடம் அது. சிலையைவிட அந்த மண்டபம் தான் எனக்கு மனதில நிண்டது, நாடு விட்டு வந்தவனுக்கு அது வேறை மாதிரித் தான் தெரியும். ஃபெர்ரியில போட்டு சிலை பாத்தனான் எண்டு சொல்லுறது, கோபுரத்தைப் பாத்திட்டு சாமி கும்பிட்டனான் எண்டு சொல்லுற மாதிரி.

குறும்பன்:
கோபுர தரிசனம் கோடி புண்ணியம். உங்க உதாரணம் உங்களுக்கே ரிவர்ஸ் அடிக்குது.

எடிசன்காரன்:
விரலளவா? கனடாக்காரருக்குக் கண்ணாடி மாத்தணும்னு நினைக்கறேன். ஃபெர்ரியில வலது பக்கம் நின்னா கையில இருக்கற தீபம் வரைக்கும் தெளிவாத் தெரியும். இன்னொண்ணும் சொல்லிக்கறேன், அந்தச் சிலை நிக்கறது பக்கத்து மாநிலமான எங்க நியூ ஜெர்சி தண்ணில. எல்லிஸ் தீவுலயும் பெரும்பகுதி ஜெர்சிக்குத் தான்னு 1998-ல அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டே தீர்ப்பு சொல்லியாச்சு. ஆக நீங்க பிள்ளைங்களோட வரிசையில நின்னு பாத்துட்டு வந்தது எங்க ஊர்.

கனடாக்காரன்:
தண்ணி உங்கட, சிலை நிக்கிற நிலம் நியூயார்க்கின்ட. எல்லிஸிலயும் மண் போட்டு நிரப்பின பக்கம் தான் உங்களுக்குத் தந்தவங்கள், நான் சொன்ன மண்டபத்தில கூடுதலான பங்கு நிக்கிற பழைய தீவு நியூயார்க்கின்ட தான். அரைகுறையா வாசிச்சுப் போட்டு வந்து தீர்ப்புச் சொல்லாதேங்கோ.

திண்ணைவாசி:
இப்பத் தான் முக்கியமான விசயம் வெளிய வருது. இவரு இருக்குறது ஜெர்சி. எடிசன். அங்கன ஓக் ட்ரீ ரோட்டுல நம்ம ஊரு மளிகையும் நகைக்கடையும் பாத்துக்கிட்டு, தினம் ஒரு மணி நேரம் ரயில்ல வந்து வேலை பாத்துட்டுப் போறவரு நியூயார்க்குக்கு வக்காலத்து வாங்குதாரு. ஏன் வே, ஊரு அவ்வளவு நல்ல ஊருன்னா அங்கயே குடியிருக்கலாம்லா? 9 மணி மூட்டைக்குப் பயந்து தானே ஆத்துக்கு அந்தப் பக்கம் போய் வீடு வாங்குனீரு?

எடிசன்காரன்:
வாடகை விஷயம் வேற, ஊர் விஷயம் வேற. போன வருஷம் சிங்கப்பூர் திரியிலயும் இப்படித் தான், நான் பஸ் வசதியைப் பத்திப் பேசினா நீங்க என் சம்பளத்தைப் பத்திப் பேசினீங்க. அப்பவும் பதில் சொல்லாம ஓடிட்டீங்க, மறக்கல. நியூயார்க்கோட அமெரிக்கன் ஃபுட்பால் டீம் ரெண்டுமே, ஜெயன்ட்ஸும் ஜெட்ஸும், விளையாடறது ஜெர்சில இருக்கற மைதானத்துல. 2026 கால்பந்து உலகக் கோப்பை ஃபைனலையும் அதே மைதானத்துக்குத் தான் கொடுத்தாங்க. நியூயார்க்னு பேர் வைக்கறாங்க, இடம் எங்களுது. அதனால எனக்குப் பேச உரிமை இருக்கு.

இவ்வளவு சொன்னாலும் கேக்க மாட்டீங்கன்னு தெரியும், படிக்கற மத்தவங்களுக்காகச் சொல்றேன். ஓசியில வந்தா என்ன பண்ணணும்னு லிஸ்ட் வேணும்னா நான் தரேன், சப்வேல 7-ம் நம்பர் ரயில் ஏறி கடைசி ஸ்டேஷன் ஃப்ளஷிங்ல இறங்குங்க, கொஞ்ச தூரம் நடந்தா பௌன் தெருவுல பிள்ளையார் கோயில், 1977-ல கும்பாபிஷேகம் ஆனது, கீழ்த்தளத்துல கேன்டீன், தோசை சூடா போடுவாங்க, சாப்பிட்டுட்டுத் திரும்பி வரும்போது குயின்ஸ் பகுதியில பெரும்பாலும் ரயில் மேல்பாலத்துல போகும், ஒவ்வொரு ஸ்டேஷன்லயும் ஒவ்வொரு நாட்டு ஆளுங்க ஏறுவாங்க, ஜன்னல் வழியா பாத்துக்கிட்டே வரலாம், ரயிலுக்கு ஒரு தடவைக்கு ஆகற செலவு மூணு டாலர் சுமார். எந்த டூர் பஸ்காரனும் இதைக் காட்ட மாட்டான்.

பத்மா_ஆடிட்டர்:
எம்பயர் ஸ்டேட் கட்டடத்து மேல ஏற 40 டாலருக்கு மேல, மெட் மியூசியம் வெளியூர்க்காரங்களுக்கு 30 டாலர். இதெல்லாம் ஓசில சேருமா சேராதான்னு தான் கேட்டேன். யாரும் பதில் சொல்லல. சரி.

திண்ணைவாசி:
தோசை திங்கவா வே நியூயார்க்? நல்லா இருக்கு உம்ம லிஸ்டு. பாளையங்கோட்டையில நடந்து போற தூரத்துல பிள்ளையாரும் இருக்காரு, தோசையும் இருக்கு. மூட்டை மட்டும் தான் இல்ல.

கோவைத்தம்பி:
பாளையங்கோட்டைல குப்பையே இல்லீங்களா அண்ணா? நான் போன மாசம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் வந்தேனுங்க...

திண்ணைவாசி:
தம்பி, நீரு எந்தப் பக்கம் நிக்கீருன்னு முதல்ல சொல்லும். எங்க ஊருக்கு 20 மணி நேரம் பிளைட்டுல வரச் சொல்லி நாங்க யாரையும் கூப்பிடல. உலகத்துலயே பெரிய ஊருன்னு நாங்க போர்டும் வைக்கல. அந்த ஊருல எலி ஒழிக்கவே மேயர் 2023-ல தனியா ஒரு அதிகாரியைப் போட்டாரு, தெரியுமா தெரியாதா? மூட்டை ராத்திரியோட ராத்திரியா போயிருந்தா எலிக்கு என்னத்துக்கு அதிகாரி?

எடிசன்காரன்:
பிரச்சினைன்னு தெரிஞ்சு ஆள் போட்டாங்க பாருங்க, அது தான் அந்த ஊர். நம்ம ஊர்ல போடுவாங்களா? 1895-ல வேரிங்னு ஒரு கமிஷனர் வந்து தெருக் கூட்டறவங்களுக்கு வெள்ளை யூனிஃபார்ம் கொடுத்து ஊரையே கழுவி விட்டார். 1968-ல துப்புரவுத் தொழிலாளர்கள் 9 நாள் ஸ்ட்ரைக் பண்ணினப்போ ஊரே குப்பையில முங்கிச்சு, அதையும் தாண்டி வந்துச்சு. 2001-ல ஸ்டேட்டன் ஐலண்ட்ல இருந்த மலை மாதிரி குப்பைக் கிடங்கை மூடிட்டு இப்ப 2,200 ஏக்கர்ல பூங்கா ஆக்கிட்டு இருக்காங்க. வரலாறு தெரியாம மூட்டை மூட்டைன்னா எப்படி?

குறும்பன்:
குப்பை இல்லன்னு ஆரம்பிச்சு கடைசில குப்பையோட ஸ்தல புராணமே பாடிட்டார்.

திண்ணைவாசி:
அதைத் தானே நானும் சொல்லுதேன். இவரு லிஸ்டுல பாலத்துக்கு ஒரு வரி, பார்க்குக்கு ஒரு வரி. குப்பைக்குத் தான் 200 வருச வரலாறு.

எடிசன்காரன்:
திசை திருப்பறீங்க. கேள்வி கேட்டது நீங்க, பதில் சொன்னது நான். குறும்பன், உங்களுக்கு விசா ரிஜக்ட் ஆன கடுப்பை இங்க காட்ட வேணாம்.

குறும்பன்:
நான் விசாவுக்கு அப்ளையே பண்ணினதில்ல. உங்களுக்கு யார் சொன்னா?

மட்டுறுத்துநர்:
தனிப்பட்ட தாக்குதல் வேண்டாம். திரித் தலைப்பு: ஓசியில் கொடுத்தால் போவீர்களா. அதைப் பற்றி மட்டும் பேசவும்.

கனடாக்காரன்:
தலைப்புக்குத் தான் வாறன். சும்மா தந்தால் போவன், ஆனா ஃபெர்ரியில ஏற மாட்டன்.

கோவைத்தம்பி:
நான் ஃபெர்ரில தானுங்க போவேன். ஓசி டூர்ல போய்ட்டு கப்பலுக்குக் காசு கொடுத்தா என்னங்க அர்த்தம்?

கனடாக்காரன்:
விரலளவுச் சிலையைப் பாத்திட்டு வாங்கோ.

எடிசன்காரன்:
விரலளவு இல்லன்னு எத்தனை தடவை சொல்றது? சரி, அண்ணாச்சி, முடிவா ஒண்ணு. நாளைக்கு நான் வேலையா சிட்டிக்குப் போறேன். காலை 9 மணிக்கு எட்டாவது அவென்யூ, 34-வது தெரு முனையில நின்னு போட்டோ எடுத்து இங்க போடறேன். மூட்டை இருக்கா இல்லையான்னு எல்லாரும் பாக்கட்டும்.

திண்ணைவாசி:
அது எப்படி வே, தெருவை நீரே முடிவு பண்ணுவீரு? அங்கன பூரா கடையும் ஆபீசும். கடைக்காரனுக்குத் தான் டப்பான்னு நீரே சொன்னீரு. வீடு இருக்குற தெருவுல எடும். 80-க்கு மேல போம்.

எடிசன்காரன்:
எனக்கு வேலை 34-ல, நான் எதுக்கு 80-க்குப் போகணும்? உங்க போட்டோ தான் எங்க? அவ்வளவு நாள் தங்கினீங்களே, ஒரு மூட்டை படம் கூட எடுக்கலையா?

திண்ணைவாசி:
குப்பையைப் படம் எடுக்க எனக்கு என்ன கிறுக்கா பிடிச்சிருக்கு? நாளைக்கு ஞாயித்துக்கிழமை வேற. ஞாயிறு அந்த ஊருல குப்பை லாரி வராது, அதனால சனி ராத்திரி எவனும் மூட்டையை வெளிய வைக்க மாட்டான். நாளைத் தெரிஞ்சு தானே எடுத்தீரு. ஞாயித்துக்கிழமைப் படம் செல்லாது. திங்கக்கிழமை, 9 மணி, வீட்டுத் தெரு. அதுக்கு முன்னால நீரு போடுற எதையும் நான் பாக்க மாட்டேன்.

எடிசன்காரன்:
திங்கள் எனக்கு வீட்டுல இருந்து வேலை.