ஹெட்போன்ல பாடறவங்க குரலே கேக்கல, ஈக்யூ செட்டிங் சொல்லுங்க

ரயில்பெட்டி:
அவசரம். புது ஹெட்போன், 600 ரூபாய். மியூசிக் கேக்குது, பாடறவங்க குரல் மட்டும் கிணத்துக்குள்ள இருந்து வருது. பேஸும் இல்ல. ஈக்வலைசர் ஏபிஓல (ஒவ்வொரு அலைவரிசை சத்தத்தையும் தனித்தனியா ஏத்தி இறக்கற விண்டோஸ் ஈக்யூ சாஃப்ட்வேர்) 1கே, 2கே, 4கே ஹெர்ட்ஸ் மூணும் +8 டெசிபல் வச்சுட்டேன், கரகரங்குது. எந்த பேண்டை ஏத்தணும்?

மிட்ரேஞ்ச்:
ஒயரா புளூடூத்தா? போன்ல போட்டா எப்படி இருக்கு?

தட்டுவண்டி:
கரகரப்பு கிளிப்பிங், அதாவது சத்தம் அளவுக்கு மீறி உச்சி வெட்டுப்படறது. +8 ஏத்தினா ப்ரீஆம்ப்பை (மொத்த சத்த அளவு) −8 இறக்கணும். ஏத்தறதை விட இறக்கறது நல்லது. மலிவு ஹெட்போன்ல 150–250 ஹெர்ட்ஸ் வீங்கி குரலை மூடும். 200ல −4, க்யூ (பேண்டோட அகலம்) 0.8 போடுங்க.

பேஸ்மணி:
காதுல இறுக்கமா உட்காரலன்னா பேஸ் போயிடும். பெரிய சைஸ் ரப்பர் மாத்திப் பாருங்க.

மிட்ரேஞ்ச்:
ரப்பர்னா பேஸ் மட்டும் தானே போகும், குரல் ஏன் போகுது?

பழைய_ஆம்ப்:
மாடல் பேர் இல்ல, எதுல செருகியிருக்குன்னு இல்ல. இப்படிக் கேட்டா யாரு என்ன சொல்றது? ஆட்டோஈக்யூல (ஹெட்போன்களை அளந்து ஈக்யூ செட்டிங் தர்ற இலவச ப்ராஜெக்ட்) மாடலைத் தேடுங்க, ஹார்மன் கர்வுக்கு (பெரும்பாலானவங்களுக்குப் பிடிச்ச ஒலி அளவுக் கோடு) ஃபில்டர் ரெடியா இருக்கும், அப்படியே போடுங்க.

தட்டுவண்டி:
இந்த விலையில ஒரே ஹெட்போன்ல இடதும் வலதுமே ஒத்துப்போகாது. யாரோ அளந்த பீஸோட ஃபில்டர் இவர் பீஸுக்கு எப்படிப் பொருந்தும்? 8கேக்கு மேல அந்த அளவை நம்பவே கூடாது.

பழைய_ஆம்ப்:
8கேக்குக் கீழ உள்ளதை மட்டும் எடுத்துக்கலாமே. வெறும் காதால ட்யூன் பண்றவங்க கடைசியில ட்ரெபிளை ஏத்திட்டுத் தலைவலின்னு வருவாங்க.

ஓம்விதி:
இது ஈக்யூ கேஸே இல்ல. குரல், பேஸ் ரெண்டையும் மிக்ஸ்ல நடுவுல, இடது வலது ரெண்டுலயும் சமமா வைப்பாங்க. ரெண்டும் சேர்ந்து போச்சுன்னா கிரவுண்ட் (ரெண்டு பக்கத்துக்கும் பொதுவான இணைப்பு) சேரல. அப்போ ரெண்டு ட்ரைவரும் (உள்ள இருக்கற குட்டி ஸ்பீக்கர்) சீரீஸ்ல, ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணா மாட்டிக்கும், இடதுக்கும் வலதுக்கும் உள்ள வித்தியாசம் மட்டும் கேக்கும். விண்டோஸ்ல மோனோ ஆடியோ (ரெண்டு பக்கத்துக்கும் ஒரே சத்தம்) ஆன் பண்ணுங்க. சத்தம் கிட்டத்தட்ட அடங்கிட்டா அதே தான். மைக் பட்டனையும் அமுக்கிப் பிடிச்சுப் பாருங்க.

ரயில்பெட்டி:
ஒயர் தான். டெஸ்க்டாப், முன்பக்க ஜாக். பட்டனை அமுக்கினா குரல் வருது, விட்டா போயிடுது. மோனோல ஒண்ணுமே கேக்கல.

ஓம்விதி:
அப்போ ஹெட்போன் நல்லா தான் இருக்கு. உங்க பின்ல மூணு கறுப்பு வளையம், நாலு கான்டாக்ட் இருக்கும்: நுனி இடது, அடுத்தது வலது, அடுத்தது கிரவுண்ட், அடியில மைக். முன்பக்கப் பச்சை ஹெட்போன் ஜாக் மூணு கான்டாக்ட்டுக்குச் செஞ்சது. அதோட கிரவுண்ட் தகடு மைக் மேல உட்காருது. பட்டன் மைக்கையும் கிரவுண்டையும் ஷார்ட் பண்றதால தான் குரல் திரும்புது. பின்னை 1, 2 மில்லிமீட்டர் வெளிய இழுத்துப் பாருங்க. நிரந்தரத்துக்கு ஒய் ஸ்ப்ளிட்டர் வாங்குங்க: ஒரு பக்கம் நாலு கான்டாக்ட் சாக்கெட், மறுபக்கம் ஹெட்போனுக்கு ஒண்ணு, மைக்குக்கு ஒண்ணு. சிடிஐஏன்னு கேட்டு வாங்குங்க, மேல சொன்ன வரிசைக்கு அதான் பேரு. ஓஎம்டிபி (கிரவுண்டும் மைக்கும் இடம் மாறின வரிசை) வாங்கினா இதே தொல்லை திரும்ப வரும்.

ரயில்பெட்டி:
இழுத்தேன், வந்துடுச்சு. நன்றி.

மிட்ரேஞ்ச்:
அந்த +8 மூணையும் எடுத்துடுங்க. மோனோவையும் ஆஃப் பண்ணுங்க.

தட்டுவண்டி:
எடுத்த பிறகு குரல் இன்னும் மந்தமா இருந்தா 200ல −4 போடலாம்.

பழைய_ஆம்ப்:
முதல்ல மாடல் பேரைச் சொல்லட்டும்.