மறு: கனெக்டருக்குத் தமிழ் – ‘சேர்வாய்’ வேண்டாம், திரும்பப் பெறுகிறேன்

அனைவருக்கும் வணக்கம். குழாய் வரையும் மென்பொருளைத் தமிழாக்கும்போது அதில் வரும் ‘கனெக்டர்’ என்ற சொல்லுக்கு ‘சேர்வாய்’ என்று முன்பு பரிந்துரைத்திருந்தேன். அதைப் பற்றித்தான் இந்த மடல்.

> ‘இணைப்பி’ என்று ஏற்கெனவே இருக்கும்போது புதுச்சொல் எதற்கு?

இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் ‘இணைப்பி’ என்றால் கையில் எடுக்கக்கூடிய பொருள். ஒயர் நுனியில் மாட்டுகிறோமே, அது. குழாய் வரையும் மென்பொருளில் கனெக்டர் பொருளே அல்ல. எல்போவின் (குழாயைத் திருப்பும் வளைவுத் துண்டு) வாயில் கண்ணுக்குத் தெரியாமல் உட்கார்ந்திருக்கும் ஒரு புள்ளி. இடம், திசை, விட்டம், எந்த வகைப் பொருத்து என்பதெல்லாம் அதற்குள் இருக்கும். எல்போவுக்கு இரண்டு, டீக்கு (குழாய் கிளை பிரியும் துண்டு) மூன்று, எண்டு கேப்புக்கு (குழாயின் நுனியை அடைக்கும் மூடி) ஒன்று. எல்போவையே ‘இணைப்பி’ என்று எழுதுகிறவர்களும் உண்டு.

‘இணைப்பு’ இன்னும் மோசம். “இணைப்பு இல்லை” என்று ஒரு பிழைச்செய்தியை மொழிபெயர்த்து அலுவலகத்துப் பையனிடம் காட்டினேன். எழுந்துபோய் மோடத்தை அணைத்துப் போட்டான்.

அந்தப் புள்ளி படுத்திய பாட்டையும் சொல்லிவிடுகிறேன். பம்ப் ரூம் படம் ஒன்று. பம்பிலிருந்து கொஞ்ச தூரம் ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்), பிறகு மொட்டை மாடித் தொட்டி வரை பிவிசி. கடையில் இரண்டையும் ‘ரெண்டு இஞ்ச்’ என்றுதான் கேட்போம். ஆனால் ஜிஐக்கு வெளிவிட்டம் 60.3 மிமீ, பிவிசிக்கு 63. திரையில் இரண்டும் ஒட்டினாற்போலத்தான் தெரிந்தன. பம்பைச் சற்று நகர்த்தினேன். ஜிஐ கூடவே வந்தது, பிவிசி நின்ற இடத்திலேயே நின்றது. அரை நாள் போயிற்று.

விட்டம் மட்டுமல்ல, பொருத்தும் வேறு. ஒரு பக்கம் மரை, மறுபக்கம் சொல்யூஷன், அதாவது பசை. நடுவில் ஒரு எஃப்டிஏ (ஒரு பக்கம் உள்மரை உள்ள பிவிசி துண்டு) வைத்திருக்க வேண்டும். (எங்கள் பிளம்பர் எஃப்டிஏவை நம்பவே மாட்டார், வெடித்துவிடும் என்பார். ஜிஐ காலர் போட்டு அதில் எம்டிஏவை, அதாவது வெளிமரை உள்ள துண்டை, திருகுவார். அது வேறு பேச்சு.) மென்பொருளோ “வழி கிடைக்கவில்லை” என்பதோடு முடித்துக்கொண்டது. எந்தப் புள்ளியும் எந்தப் புள்ளியும் சேரவில்லை என்று சொல்லியிருந்தால் ஐந்து நிமிட வேலை.

சரி, ‘சேர்வாய்’. கால்வாய் மாதிரி இருக்கட்டுமே என்று நான்தான் கொடுத்தேன். மெனுவில் வைத்துப் பார்த்தால் யாரோ முனிவர் ‘நீ சேர்வாய்’ என்று வரம் கொடுக்கிற மாதிரி இருக்கிறது. ‘பொருத்துவாய்’க்கும் அதே கதி. வினையடியோடு ‘வாய்’ சேர்ந்தால் முன்னிலை எதிர்காலம் வந்து குந்திக்கொள்கிறது. கால்வாயில் முன்னால் நிற்பது பெயர் என்பதால் தப்பித்தது. பிடிஎம்எஸ் என்ற ஆலை வடிவமைப்பு மென்பொருளில் ஒவ்வோர் உறுப்புக்கும் அரைவ் (குழாய் வந்து சேரும் புள்ளி), லீவ் (விட்டுப் போகும் புள்ளி) என இரண்டு புள்ளிகள் குறித்திருப்பார்கள். அரைவுக்கு ‘வருவாய்’ என்று எழுதிப் பார்த்தேன். குழாய்த்துறை வருவாய்த்துறை ஆகிவிட்டது.

ஆகவே என் புதிய பரிந்துரை ‘பொருத்துமுனை’. சேர்க்கைகளில் வெறும் ‘முனை’ போதும்: வருமுனை, விடுமுனை, மரைமுனை, பசைமுனை. குழாய் மாட்டாமல் கிடந்தால் திறந்த முனை. பிழைச்செய்தியும் வாயில் நுழைகிறது: “முனைகள் பொருந்தவில்லை: மரை 60.3, பசை 63.”

> முனை என்றால் கூராக இருக்க வேண்டாமா? மின்சாரத்திலும் நேர்முனை, எதிர்முனை இருக்கிறதே.

தெருமுனை கூராகவா இருக்கிறது? மின்சாரம் பற்றிச் சொன்னது மட்டும் நியாயம். கட்டட மென்பொருளில் ஒயரும் குழாயும் ஒரே கோப்பில் வருகின்றன. அதனால் மெனுவில் ‘பொருத்துமுனை’ என்று முழுதாகவே போடுவோம்.

மிச்சமிருப்பது பிளாஞ்சு, அதாவது குழாய் நுனியில் போல்ட் போட்டு இணைக்கும் வட்டத் தட்டு. ‘விளிம்புமுனை’ என்று எழுதி நானே அடித்துவிட்டேன்; எந்தப் பட்டறையிலும் அப்படிக் கேட்டால் விழிப்பார்கள். ‘பிளாஞ்சுமுனை’ என்றே விட்டுவிடலாமா? சனிக்கிழமைக்குள் சொன்னால் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.