தோட்டத்துப் பாரம்பரிய நடை: பலகைக்கு வரும் பணம் புல்வெட்டுக்கு வருவதில்லை (பேராக், சுங்கை சிப்புட் அனுபவப் பகிர்வு: நால்வர் புனைபெயரில் மாறி மாறி எழுதியது)

கணக்குப்பிள்ளை

பழைய தோட்ட இடங்களை நடந்து காட்டும் பாரம்பரிய நடை தொடங்கும் குழுக்கள் முதலில் தகவல் பலகைக்குத்தான் நிதி கேட்கின்றன. கொடுப்பவர்களும் மனமுவந்து கொடுக்கிறார்கள். பலகையில் பெயர் போடலாம், திறப்பு விழா வைக்கலாம். அடுத்த மழைக்காலத்தில் லாலான் புல் பலகையை மூடும்போது வெட்டக் கையில் காசு இருக்காது. பாதை சாவது பெரும்பாலும் இப்படித்தான்.

ஆகவே முதல் நாளிலிருந்தே இரண்டு தலைப்பில் கேளுங்கள். ஒன்று பலகையும் வரைபடமும், ஒரு முறைச் செலவு. மற்றொன்று மாதப் பராமரிப்பு: புல்வெட்டு, பெட்ரோல், நைலான் கயிறு, பெயிண்ட், சுமார் மூன்று கிலோமீட்டருக்கு ஆள் கூலி. மழை மாதங்களில் மூன்று வாரத்துக்கு ஒரு வெட்டு வேண்டும். 60 குடும்பம் மாதம் 10 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்தால் 600 வெள்ளி. ஒருவரிடம் மொத்தமாக 7,000 வெள்ளி கேட்பதைவிட இது நிலைக்கும். அந்த ஒருவர் அடுத்த ஆண்டு விலகிவிட்டால் எல்லாமே நின்றுவிடும்.

பத்து வெள்ளி வசூல் இந்த ஊருக்குப் புதிதல்ல. தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட காலத்தில், 1960-ல், அப்போது அமைச்சராக இருந்த துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளர்கள் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டிய பங்குப் பணத்தில் தோட்டமே வாங்கினார்கள். அவர் பிறந்த ஊரில் புல்வெட்டுக்கு ஆள் சேராது என்று யாரும் சொல்ல வேண்டாம்.

லிந்தாங் ரோடு

அண்ணே சொன்னதற்குக் கூடவே பெர்மிட் விஷயம். வீடு வீடாகவோ தெருவிலோ வசூலிக்க 1947-ஆம் ஆண்டு வசூல் சட்டப்படி போலீஸ் உரிமம் வேண்டும். நடையை நடத்தும் சங்கத்தின் பதிவுச் சான்றிதழ், செயற்குழுத் தீர்மானத்தின் நகல், வசூலிப்பவர்களின் பெயரும் அடையாள அட்டை எண்ணும், இடம், தேதி எல்லாவற்றையும் ஒரே கோப்பில் கொண்டு போங்கள். தீர்மான நகல் இல்லாமல் போனால் திரும்பி வர வேண்டியிருக்கும்.

சங்கம் சங்கப் பதிவிலாகாவில் உயிரோடு இருக்கிறதா என்றும் பாருங்கள். ஆண்டுப் பொதுக்கூட்டம் முடிந்து 60 நாளுக்குள் ஆண்டறிக்கை போயிருக்க வேண்டும். சில ஆண்டு அனுப்பாமல் விட்ட சங்கத்தின் பெயரில் வங்கிக் கணக்கு திறப்பது பெரும்பாடு. பணம் கட்டும் டூயிட்நவ் கியூஆர் குறியீடு சங்கக் கணக்கில்தான் இருக்க வேண்டும். பொருளாளரின் சொந்தக் கணக்கில் வைத்தால் அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் பேச்சு வரும். கையெழுத்து மூவர், அதில் இருவர் போட்டால் காசோலை செல்லும். ரசீது எண்ணிட்டு மூன்று நகல்.

கம்பெனிகள் வரிவிலக்கு ரசீது கேட்கும். வருமான வரிச் சட்டம் 44(6) பிரிவில் ஒப்புதல் பெற்ற அமைப்பால்தான் அதைக் கொடுக்க முடியும். ஒப்புதல் கைக்கு வராமல் நோட்டீசில் 'வரிவிலக்கு உண்டு' என்று அச்சடிக்கவே கூடாது.

பழைய ஸ்டோர்

எதைக் காட்டப் போகிறோம் என்பது தெளிவாக இருந்தால்தான் பணம் வரும். டவுனுக்குள் மகாத்மா காந்தி கலாசாலை என்ற தமிழ்ப்பள்ளி இருக்கிறது, 1954-ல் திறந்தது. வண்டியில் போனால் கோலகங்சாரில் 1877-ல் நட்ட ரப்பர் மரங்களில் ஒன்று இன்னும் நிற்கிறது. எல்பில் தோட்டம் டவுனிலிருந்து தூரம், தனியார் நிலம். 1948 ஜூன் 16 காலையில் எல்பில் உள்ளிட்ட இந்த வட்டாரத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பிய நிர்வாகிகள் கொல்லப்பட்டார்கள். ஜூன் 18-ல் கம்யூனிஸ்டுகளுக்கு எதிரான அவசரகாலம் மலாயா முழுமைக்கும் வந்தது. அந்த இடத்தைப் பற்றி எழுதும்போது தேதி, இடம், நடந்தது, அதற்குப் பிறகு தோட்ட மக்களுக்கு என்ன ஆனது என்பதோடு நிறுத்துங்கள். எல்லாத் தரப்புக் குடும்பங்களும் இன்னும் இங்கேயே வாழ்கின்றன.

எனக்கு முக்கியம் ரப்பர் சீட்டைப் புகையில் காயவைத்த புகைவீடு. வழிகாட்டி 'இங்கேதான் புகை போட்டார்கள்' என்று சொல்லி நகர்ந்துவிட்டால் பிள்ளைகளுக்கு அது ஒரு பாழடைந்த தகரக் கொட்டகை. வேலையை வரிசையாகச் சொல்ல வேண்டும். விடியுமுன் பெரட்டு (ஆள் கணக்கெடுப்பு), பிறகு பால்வெட்டு. மரத்தில் கட்டிய மங்கில் (கிண்ணத்தில்) சேர்ந்த பாலை வாளியில் ஊற்றி, காண்டாவில் (தோள் கம்பில்) தூக்கி ஸ்டோருக்குக் கொண்டு வருவார்கள். அங்கே வடிகட்டி, தண்ணீர் கலந்து, ஃபார்மிக் அமிலம் விட்டு, தொட்டியில் தகடுகளை இறக்குவார்கள். மறுநாள் உறைந்த பாலை முதலில் வழவழப்பான ரோலரில், கடைசியில் வரிக்கோடு விழும் ரோலரில் ஓட்டுவார்கள். அந்த வரி அழகுக்கு இல்லை. பரப்பு கூடுவதால் சீட்டு சீக்கிரம் காயும், ஒன்றோடொன்று ஒட்டாது. பிறகு மூங்கிலில் தொங்கவிட்டு நாலைந்து நாள் புகை. சூடு 60 டிகிரியைத் தாண்டினால் சீட்டில் கொப்புளம் வரும், தரம் குறையும், அதனால் இரவிலும் நெருப்பைப் பார்க்க ஆள் இருப்பார். இதைச் சொல்லிக்கொண்டே ஒரு சீட்டைக் கையில் கொடுங்கள். அந்த மணம் மற்றதைப் பார்த்துக்கொள்ளும்.

ரோலர் எஞ்சியிருந்தால் உடனே தோட்ட நிர்வாகத்திடம் எழுத்தில் கேளுங்கள். தள்ளிப்போட்டால் பழைய இரும்புக் கடைக்குப் போய்விடும்.

மங்கு

ஐயா, பலகை பற்றிச் சிலது. தமிழ் எழுத்துரு இல்லாத அச்சகத்தில் 'கொ', 'கோ' எல்லாம் உடைந்து, கொம்பு தனியே, கால் தனியே வரும். அச்சுக்கான கோப்பை எழுத்தாக அனுப்பாதீர்கள். எழுத்துகளைக் கோட்டு வடிவமாக மாற்றிய பிடிஎஃப் அனுப்புங்கள். அச்சுக்கு முன் மாதிரித் தாளைத் தமிழ் தெரிந்த இருவர் வாய்விட்டுப் படிக்கட்டும்.

சாலையோரம் நட நகராண்மைக் கழக அனுமதி வேண்டும், மலாய் வாசகமும் முறையாக இருக்க வேண்டும். வெயிலில் சிவப்பும் மஞ்சளும் முதலில் வெளுக்கும். முக்கியமான வரிகளைக் கறுப்பிலோ கருநீலத்திலோ போடுங்கள். இரும்புக் கம்பத்தைக் குழாயாக விட்டால் திருடு போகும். இரண்டடி ஆழம் புதைத்து, உள்ளேயும் கான்கிரீட் நிரப்புங்கள்.

தோட்டத்துக்கு மேப்பில் ஒரு பெயர், நம் ஆட்கள் வாயில் ஒரு பெயர். இரண்டையும் போடாவிட்டால் பெரியவர்களுக்கு இடமே பிடிபடாது.

கணக்குப்பிள்ளை

நிதிக்காகச் சாப்பாட்டுக் கூப்பன் விற்பவர்களுக்கு: புத்தகத்துக்கு எண், வாங்கியவர் கையெழுத்து, விற்காத கூப்பன் நிகழ்ச்சிக்கு ஒரு வாரம் முன்பே திரும்பி வர வேண்டும். இல்லையென்றால் எத்தனை பேருக்குச் சமைப்பது என்று தெரியாமல் லாபம் குப்பைக்குப் போகும். சமைத்து விற்பவர்களுக்கு டைபாய்டு ஊசியும் உணவு கையாளும் பயிற்சிச் சான்றிதழும் இருக்கிறதா என்று முன்பே பார்த்துவிடுங்கள்.

லிந்தாங் ரோடு

செம்பனைத் (எண்ணெய்ப்பனை) தோட்டத்துக்குள் நடை வைத்தால் தோட்ட மேனேஜரின் எழுத்து அனுமதி கட்டாயம். புல்லுக்கு மருந்து அடிக்கும் நாளையும் குலை ஏற்றும் லாரி நாளையும் அந்தக் கடிதத்திலேயே கேட்டு வாங்குங்கள். அந்த நாட்களில் நடை வேண்டாம். மற்ற நாளில் காலை 7-க்குப் புறப்பட்டு 10-க்குள் முடித்துவிட வேண்டும். எல்லாருக்கும் மூடிய சப்பாத்து. வெட்டிப் போட்ட மட்டையின் முள் சிலிப்பரைத் துளைத்துவிடும், மட்டைக் குவியலுக்கு அடியில் பாம்பும் இருக்கும்.