வைரஸை நீக்கிய பிறகு இணையம் வேலை செய்யவில்லை. வைஃபை இணைந்திருந்தும் எந்தப் பக்கமும் திறக்கவில்லை

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். விண்டோஸ் 10 உள்ள என் மடிக்கணினியில் சில வாரங்களுக்கு முன் இலவசமாகக் கிடைத்த வீடியோ மாற்றி மென்பொருள் ஒன்றை நிறுவினேன். அன்று முதல் உலாவியில் நான் திறக்காத விளம்பரப் பக்கங்கள் தாமாகவே திறக்கத் தொடங்கின. நேற்று வைரஸ் தடுப்பு மென்பொருளைக் கொண்டு முழுச் சோதனை செய்தபோது 14 கோப்புகளை அது கண்டுபிடித்து நீக்கியது. கணினியை மறுதொடக்கம் செய்த பிறகு விளம்பரங்கள் நின்றுவிட்டன. ஆனால் இணையமும் சேர்ந்தே நின்றுவிட்டது. வைஃபை இணைந்திருப்பதாகத்தான் காட்டுகிறது. அதே வைஃபையில் கைபேசி நன்றாக வேலை செய்கிறது. கணினியில் மட்டும் எந்த உலாவியிலும் எந்தப் பக்கமும் திறப்பதில்லை.

ரவுட்டரை அணைத்துப் போட்டேன், வைஃபை டிரைவரை நீக்கி மீண்டும் நிறுவினேன், பயனில்லை. விண்டோஸை அழித்துப் புதிதாக நிறுவுவதுதான் ஒரே வழி என்று நண்பர் ஒருவர் சொல்கிறார். முடிக்கும் தறுவாயில் உள்ள என் ஆய்வேடும் அதற்கான தரவுகளும் இதே கணினியில் இருப்பதால் அந்த முடிவுக்குப் போகத் தயங்குகிறேன். வேறு வழி உண்டா?

முதல் மறுமொழி

விண்டோஸை இப்போது அழிக்க வேண்டாம். ஆய்வேட்டையும் தரவுகளையும் மட்டும் வெளி வன்வட்டு ஒன்றில் பிரதி எடுத்துவிட்டு அதை உடனே கழற்றி வையுங்கள். நிரல்களையோ நிறுவல் கோப்புகளையோ அதில் சேர்க்க வேண்டாம்.

உங்களுக்கு நேர்ந்திருப்பது இத்தகைய தொற்றுகளில் அடிக்கடி நடப்பதுதான். விளம்பரங்களைத் திணிக்கும் வைரஸ்கள் உங்கள் உலாவிக்கும் இணையத்துக்கும் நடுவில் தம்மை இருத்திக்கொண்டு, போகும் வரும் அனைத்தும் தம் வழியாகவே செல்லும்படி விண்டோஸின் அமைப்புகளை மாற்றிவிடுகின்றன. வைரஸ் தடுப்பு மென்பொருள் கோப்பை நீக்குகிறதே தவிர, மாற்றப்பட்ட அமைப்பைப் பல நேரங்களில் பழைய நிலைக்குத் திருப்புவதில்லை. அதனால் கணினி இன்னமும் அந்த வழியாகவே போக முயல்கிறது. அங்கே இப்போது யாரும் இல்லை. டிரைவரை மாற்றியும் பயன் கிடைக்காததற்கு இதுவே காரணமாக இருக்கக்கூடும்.

எந்த இடத்தில் அறுந்திருக்கிறது என்று முதலில் பார்ப்போம். கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் சாளரமான கமாண்ட் ப்ராம்ப்டைத் திறந்து, வலையமைப்பில் கணினிக்கு உள்ள முகவரியைக் காட்டும் ஐபிகான்ஃபிக் (ipconfig) கட்டளையை இடுங்கள். கணினியின் முகவரி 169.254 என்று தொடங்கினால், அது ரவுட்டர் கொடுத்த முகவரி அல்ல. ரவுட்டரிடமிருந்து எதுவும் கிடைக்காததால் கணினி தனக்குத் தானே இட்டுக்கொண்டது. முகவரி சரியாக இருந்தால், மறுமுனை பதில் தருகிறதா என்று பார்க்கும் பிங் (ping) கட்டளையை 8.8.8.8 என்ற இணைய முகவரி எண்ணுக்கு இடுங்கள். அதற்குப் பதில் வந்தால் இணைப்பு உயிரோடு இருக்கிறது என்று பொருள். அடுத்து, ஏதேனும் ஒரு தளத்தின் பெயரைக் கொடுத்துப் பிங் செய்யுங்கள். எண்ணுக்குப் பதில் வந்து, பெயரைக் கண்டுபிடிக்கவே முடியவில்லை என்று செய்தி வந்தால், தளங்களின் பெயரை முகவரி எண்ணாக மாற்றித்தரும் டிஎன்எஸ் அமைப்பில் கோளாறு இருக்கிறது. இரண்டுக்கும் பதில் வந்து உலாவி மட்டும் திறக்கவில்லை என்றால் ப்ராக்ஸியை, அதாவது உலாவிக்கும் இணையத்துக்கும் நடுவில் நிற்கும் இடைநிலை சர்வரைத்தான் சந்தேகிக்க வேண்டும். உலாவி காட்டும் பிழைச் செய்தியையும் அப்படியே எழுதுங்கள்.

கேட்டவர்

மிக்க நன்றி. பிரதி எடுத்துவிட்டேன். கணினியின் முகவரி 192.168.1.7 என்று இருக்கிறது. எண்ணுக்கும் பெயருக்கும் பிங் நான்கு முறையும் பதில் தந்தது. ப்ராக்ஸி சர்வருடன் இணைய முடியவில்லை என்று உலாவி சொல்கிறது.

முதல் மறுமொழி அளித்தவர்

அப்படியானால் இடம் தெரிந்துவிட்டது. விண்டோஸ் செட்டிங்ஸில் நெட்வொர்க் பகுதிக்குள் ப்ராக்ஸி என்ற பக்கத்தைத் திறந்து பாருங்கள். கைமுறை ப்ராக்ஸி இயக்கப்பட்டிருந்து, முகவரி 127.0.0.1 என்று இருந்தால், அது உங்கள் கணினி தன்னையே குறிக்கும் முகவரி. அங்கே காத்திருந்த வைரஸ் நிரல் இப்போது நீக்கப்பட்டுவிட்டதால் உலாவி தட்டும் கதவைத் திறக்க ஆளில்லை. அந்தக் கைமுறை ப்ராக்ஸியை அணைத்துவிடுங்கள். அதற்கு மேலே, ப்ராக்ஸியைத் தானாக அமைக்கும் ஸ்கிரிப்ட் முகவரி ஒன்று இட்டிருந்தால் அதையும் அணையுங்கள். பலரும் கவனிக்காமல் விடுவது அதைத்தான். அலுவலகமோ கல்வி நிறுவனமோ கொடுத்த கணினியாக இருந்தால் மட்டும், அவர்களே ப்ராக்ஸியை அமைத்திருக்கிறார்களா என்று கேட்டுக்கொண்டு மாற்றுங்கள்.

கேட்டவர்

நீங்கள் சொன்னபடியே 127.0.0.1 என்றுதான் இருந்தது. அணைத்தவுடன் எல்லாப் பக்கங்களும் திறந்தன. ஆனால் கணினியை மறுதொடக்கம் செய்தபோது ப்ராக்ஸி மீண்டும் தானாகவே இயங்கத் தொடங்கிவிட்டது. இரண்டு முறை செய்து பார்த்தேன். இரண்டு முறையும் அப்படியே.

இரண்டாம் மறுமொழி

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். அணைத்த ப்ராக்ஸி தானாக உயிர்பெறுகிறது என்றால் கணினி இன்னும் சுத்தமாகவில்லை. அந்த 14 கோப்புகளுக்கு அப்பால் ஏதோ ஒன்று எஞ்சியிருந்து, ஒவ்வொரு முறையும் அந்த அமைப்பைத் திரும்ப எழுதுகிறது. ஆகவே இணையம் திரும்பக் கிடைத்ததை வைத்து நிம்மதி அடைய வேண்டாம்; இந்த நிலையில் அந்தக் கணினியிலிருந்து வங்கிக் கணக்கையோ மின்னஞ்சலையோ தொடவே வேண்டாம் என்று வலியுறுத்திச் சொல்கிறேன்.

முதலில் விண்டோஸ் செக்யூரிட்டிக்குள் இருக்கும் டிஃபெண்டர் ஆஃப்லைன் சோதனையை ஓட்டுங்கள். வழக்கமான சோதனையின்போது விண்டோஸும் வைரஸும் ஒன்றாக இயங்கிக்கொண்டிருப்பதால் வைரஸ் தன்னை மறைத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு. ஆஃப்லைன் சோதனையோ விண்டோஸ் முழுமையாக எழும் முன்பே, தனிச் சூழலில் நடப்பது. சுமார் 15 நிமிடங்கள் ஆகும். கணினி தானே மறுதொடக்கம் ஆகும் என்பதால் திறந்திருக்கும் வேலைகளைச் சேமித்துக்கொள்ளுங்கள். பிறகு, நிரல்களைக் குறித்த வேளையில் தானாக இயக்கும் டாஸ்க் ஷெட்யூலரைத் திறந்து, நீங்கள் உள்நுழையும்போது இயங்கும்படி வைக்கப்பட்ட வேலைகளைப் பாருங்கள். பொருளற்ற எழுத்துக் கோவையைப் பெயராகக் கொண்டு, நிரல்கள் தம் தரவுகளை வைக்கும் ஆப்டேட்டா (AppData) கோப்புறைக்குள் இருக்கும் நிரலை இயக்குவதாக ஏதாவது இருந்தால் அதுவே முதல் சந்தேகத்துக்குரியது. உலாவியின் நீட்சிகளையும் பாருங்கள்.

இன்னொன்று: இத்தகைய வைரஸ்களில் சில தமக்கென ஒரு ரூட் சான்றிதழை, அதாவது எந்தத் தளங்களை உண்மையானவை என்று நம்பலாம் என விண்டோஸ் முடிவுசெய்ய அடிப்படையாக உள்ள சான்றை, விண்டோஸில் பதிந்துகொள்கின்றன. அது இருந்தால் பூட்டுக் குறியுள்ள பாதுகாப்பான பக்கங்களில் நீங்கள் இட்ட கடவுச்சொல்லைக்கூட அந்த ப்ராக்ஸியால் படிக்க முடியும். எனவே முக்கியமான கடவுச்சொற்கள் அனைத்தையும் தொற்று இல்லாத வேறொரு கருவியிலிருந்து மாற்றிவிடுங்கள்.

மூன்றாம் மறுமொழி

ஒவ்வொன்றாகத் தேடுவதைவிட வின்சாக் ரீசெட், ஐபி ரீசெட், டிஎன்எஸ் ஃப்ளஷ் ஆகிய, வலையமைப்பைச் சீர்செய்யும் மூன்று கட்டளைகளையும் ஒரே மூச்சில் இட்டுவிட்டு மறுதொடக்கம் செய்வதுதான் எளிது என்பது என் அனுபவம். இதே தொல்லை எனக்கு வந்தபோது அப்படித்தான் சரியானது.

முதல் மறுமொழி அளித்தவர்

மூன்றாம் மறுமொழி எழுதியவருக்கு: உங்கள் கணினியில் வின்சாக் தொடர், அதாவது நிரல்கள் வலையமைப்பை அணுகும் விண்டோஸின் வழி, அறுந்திருக்கலாம். அந்த வழியில் தன் கோப்பைக் கண்ணியாகக் கோத்துக்கொள்ளும் வைரஸ்கள் உண்டு. அந்தக் கோப்பை மட்டும் நீக்கினால் சங்கிலி நடுவில் அறுந்து எந்த நிரலுக்கும் இணையம் கிடைக்காமல் போகும். அதற்கு வின்சாக் ரீசெட் சரியான மருந்து. ஆனால் ப்ராக்ஸி அமைப்பை அந்த மூன்று கட்டளைகளில் எதுவும் தொடாது; இங்கே அவை உதவியிருக்கப் போவதில்லை. அதோடு, ஐபி ரீசெட் செய்தால் கையால் இட்டிருந்த நிலையான முகவரி அழியும். வின்சாக் ரீசெட்டுக்குப் பின் சில விபிஎன் மென்பொருள்களை மீண்டும் நிறுவ நேரலாம். சோதித்த பிறகே அவற்றைக் கையில் எடுக்கச் சொல்வது அதனால்தான்.

டிஎன்எஸ் பற்றியும் ஒரு வார்த்தை. டிஎன்எஸ்சேஞ்சர் என்ற வைரஸ் கணினிகளின் டிஎன்எஸ் முகவரியைக் குற்றவாளிகளின் சர்வருக்குத் திருப்பிவிட்டது. அமெரிக்காவின் எஃப்பிஐ 2011 நவம்பரில் அந்தக் கும்பலைப் பிடித்தபோது, அந்தச் சர்வர்களை அப்படியே நிறுத்தினால் தொற்றிய கணினிகள் அனைத்தும் இணையத்தை இழந்துவிடும் என்பதால், மாற்று சர்வர்களை வைத்து 2012 ஜூலை 9 வரை இயக்க வேண்டியிருந்தது. அந்த வைரஸ் ரவுட்டரின் அமைப்பையும் மாற்ற முயன்றது. ஆகவே கைபேசி நன்றாக இருந்தாலும் ரவுட்டருக்குள் நுழைந்து டிஎன்எஸ் முகவரியை ஒருமுறை பார்த்துவிட்டு, அதன் தொடக்கக் கடவுச்சொல்லை இன்னும் மாற்றவில்லை என்றால் மாற்றிவிடுங்கள். சிஸ்டம்32 கோப்புறையில் டிரைவர்ஸ், அதற்குள் இடிசி, அதற்குள் உள்ள ஹோஸ்ட்ஸ் கோப்பையும் நோட்பேடில் திறந்து பாருங்கள்; எந்தத் தளப் பெயருக்கு எந்த முகவரி என்று கணினி டிஎன்எஸ்-ஐக் கேட்கும் முன் பார்க்கும் பட்டியல் அது. # குறியில் தொடங்கும் வரிகள் வெறும் விளக்கங்களே. மற்றவற்றை இங்கே சொல்லுங்கள்.

கேட்டவர்

தாமதத்துக்கு மன்னிக்கவும். ஆஃப்லைன் சோதனையில் மேலும் இரண்டு கோப்புகள் சிக்கின. டாஸ்க் ஷெட்யூலரில், சொன்னது போலவே பெயர் புரியாத வேலை ஒன்று, நான் உள்நுழையும் ஒவ்வொரு முறையும் இயங்கும்படி இருந்தது, அதை நீக்கினேன். அதன்பின் மூன்று முறை மறுதொடக்கம் செய்தும் ப்ராக்ஸி அணைந்தே இருக்கிறது. ரவுட்டரில் மாற்றம் ஏதும் இல்லை. அதன் கடவுச்சொல்லை மட்டும் மாற்றினேன்.

ஹோஸ்ட்ஸ் கோப்பைத் திறந்தபோதுதான் இன்னொன்று புரிந்தது. வைரஸ் தடுப்பு நிறுவனங்களின் தளங்களை 127.0.0.1-க்குத் திருப்பும் பதினொரு வரிகள் அதில் இருந்தன. இரண்டு வாரங்களாக என் தடுப்பு மென்பொருள் புதுப்பிக்க முடியவில்லை என்று அறிவித்துக்கொண்டிருந்ததை நான் பொருட்படுத்தாமல் விட்டிருந்தேன். அந்த வரிகளை நீக்கியதும் புதுப்பிப்பு இறங்கியது. புதிய வைரஸ் பட்டியலைக் கொண்டு முழுச் சோதனை இப்போது ஓடிக்கொண்டிருக்கிறது. அது முடியும்வரை கணினியை விட்டுவிட்டு, கைபேசியிலிருந்து கடவுச்சொற்களை மாற்றி வருகிறேன். மின்னஞ்சலில் தொடங்கியிருக்கிறேன்.